மடியில் வேண்டாம், கூட்டில் வரட்டும்

செல்லப்பிராணியோடு ரொறன்ரோவுக்கு வெளிக்கிடும் மொன்றியல் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



கோடை பிறந்தால் மொன்றியல் தமிழரின் கார்கள் மேற்கே திரும்பிவிடும். ஆனியில் கலியாண வீடு, ஆவணியில் சாமத்திய வீடு, இடையில் ஒரு லோங் வீக்கெண்ட். எதுவானாலும் மண்டபம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஏஜாக்ஸிலோ இருக்கும். 1983க்குப் பிறகு மொன்றியலில் வந்திறங்கிய குடும்பங்களில் பல பின்னர் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தன. அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று 540 கிலோமீட்டர் நெடுஞ்சாலையின் இரண்டு முனைகளிலும் சொந்தம் பிரிந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் லசாலிலும் டொலார்டிலும் பெட்டிகள் காரில் ஏறும். ஹாங்கரில் சேலை தொங்கும். கட்டுச்சோறு முன் சீற்றுக்குக் கீழே போகும்.

இப்போது அந்தக் கார்கள் பலவற்றில் இன்னொரு பயணியும் ஏறுகிறது. பிள்ளைகள் கேட்டு வாங்கிய பூனை, ஷீட்ஸு நாய்க்குட்டி, முயல், ஒரு சோடி பட்ஜி. சேலைக்கும் நகைக்கும் ஒரு மாதமாக ஆயத்தம் செய்கிற வீட்டில், இந்தச் சின்ன உயிருக்கான ஆயத்தம் மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் நடக்கிறது. கட்டிலுக்குக் கீழே ஒளிந்த பூனையை அப்பா இழுத்தெடுக்கிறார். அவர் கையில் நகக்கீறல். மகள் அதை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறாள். வோத்ரே தாண்டுமுன் அது துவாயிலிருந்து நழுவி, பிரேக் மிதிக்கும் காலுக்குப் பக்கத்தில் போய்ப் பதுங்குகிறது. கோர்ன்வால் வருமுன் சத்தி எடுத்துவிடுகிறது. மிச்சம் நாலு மணித்தியாலமும் யாருக்கும் நிம்மதி இல்லை.

அந்த நாலு மணித்தியாலத்துக்காகவே இந்த மடல். காரில் ஏறும் பூனையும் நாயும் முயலும் பயணிகள். குழந்தைக்கு ஓர் இருக்கை, ஒரு பட்டி, ஒரு வேளைச் சாப்பாடு என்று யோசிக்கிற அதே மனம் அவற்றுக்கும் வேண்டும்.

வட அமெரிக்காவில் ஒரு செல்லப்பிராணி நெடுந்தூரம் காரில் போன பழைய கதை ஒன்று 1903இல் நடந்தது. ரொறன்ரோவில் பிறந்து, மொன்றியலுக்குத் தெற்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில் உள்ள பேர்லிங்டன் நகரில் வாழ்ந்த மருத்துவர் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன், அந்த ஆண்டு மே 23ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு விண்டன் காரில் நியூயோர்க் நோக்கிப் புறப்பட்டார். கூடவே சூவல் குரொக்கர் என்ற மெக்கானிக். வழியில் ஐடஹோ மாநிலத்தில் 15 டொலர் கொடுத்து பட் என்ற நாயைச் சேர்த்துக்கொண்டார்கள். கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத கார் அது. தூசு பட்டு நாயின் கண்கள் சிவந்து வீங்கின. ஜாக்சன் அதற்கும் ஒரு தூசுக்கண்ணாடி மாட்டிவிட்டார். பாதையில் வரும் மேடுபள்ளத்தை முன்கூட்டியே பார்த்து உடம்பைத் தாங்கிக்கொள்ள பட் பழகிக்கொண்டது. 63 நாள் பயணத்துக்குப் பின் ஜூலை 26ஆம் திகதி மூவரும் நியூயோர்க் சேர்ந்தார்கள். காரில் அமெரிக்காவை முதன்முதல் குறுக்கே கடந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் கார் இன்றும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மனிதர் அணிந்த கண்ணாடி நாய்க்கும் வேண்டும் என்று ஜாக்சன் நினைத்தார். 120 ஆண்டுக்குப் பிறகு 401 நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்குச் சீற் பெல்ட் இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது. மடியிலிருக்கும் பூனைக்கு இரண்டும் இல்லை.

கணக்கு எளிது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பவை மீது அவற்றின் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு விசை விழும். 4 கிலோ பூனையைப் பிடித்து நிறுத்த 80 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அந்தப் பலம் இல்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதலின் ஆற்றல் நாலு மடங்காகிறது. முன் சீற்றில் மடியில் இருந்தாலோ ஆபத்து இரண்டு பக்கமும் வரும்: முன்னால் வெடித்து விரியும் காற்றுப் பை, பின்னால் பெரியவரின் உடம்பு. சட்டமும் இதைப் பேசுகிறது. ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் விதத்திலோ ஓட்டுதலுக்கு இடைஞ்சலாகவோ ஆளையோ விலங்கையோ பொருளையோ வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்கிறது கியூபெக் வீதிப் பாதுகாப்புச் சட்டத்தின் 442ஆம் பிரிவு.

ஆகவே கூடு. சுவர் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, மேல்மூடியும் முன்கதவும் தனித்தனியாகத் திறக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. பூனை உள்ளே எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் போதும். அதற்குமேல் பெரிதானால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அது உள்ளே உருளும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும், இவ்வகைக் கூடுகளை மோதல் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்ற கட்டாயத் தரம் கனடாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. 2011 முதல் அமெரிக்காவில் இயங்கும் செல்லப்பிராணிப் பாதுகாப்பு மையம் என்ற அமைப்பு தானே முன்வந்து கூடுகளையும் பட்டிகளையும் மோதவைத்துப் பார்த்துவருகிறது. விளம்பரத்தில் பலமானவையாகத் தெரிந்த பல, சோதனையில் உடைந்தும் பிய்ந்தும் போயின. சோதிக்கப்படாத கூட்டைச் சீற் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினால், மோதும்போது அந்தப் பெல்ட்டே கூட்டை நசுக்கிவிடலாம். சின்னக் கூட்டுக்கு ஓட்டுநருக்கோ முன் பயணிக்கோ பின்னாலுள்ள தரை நல்ல இடம். முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளி, கூடு அசையாதபடி பொருத்திவிடலாம்.

கூட்டை வாங்குவது எளிது. பூனையை அதில் விருப்பத்தோடு நுழைய வைப்பதற்குத்தான் நாள் எடுக்கும். பெரும்பாலான வீடுகளில் கூடு நிலக்கீழ் அறையில் தூசு படிந்து கிடக்கும். அது வெளியே வந்தால் ஊசி என்று பூனைக்குத் தெரியும். இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே அதைக் கழுவி, இருக்கும் அறையின் ஒரு மூலையில் கதவைத் திறந்து வைத்துவிடுங்கள். உள்ளே வீட்டார் உடுத்துக் கழற்றிய பழைய ரீசேர்ட் ஒன்றை விரியுங்கள். முதல் நாள் சாப்பாட்டுக் கிண்ணம் வாசலில், மறுநாள் ஒரு சாண் உள்ளே, பிறகு கடைசி மூலையில். அது தானாகப் போய் உள்ளே தூங்கும் நாள் வரும். அதன்பின் ஒரு நிமிடம் கதவைச் சாத்துங்கள். பிறகு காரில் ஏற்றி, எஞ்சினை இயக்கி, ஓடாமலே இருங்கள். அடுத்து ஜோன்-ரலோன் வீதிவரை ஒரு சுற்று. நெடும்பயணத்தின் பாதி வேலை இங்கே முடிகிறது. அவசரத்தில் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கூட்டின் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்து, பூனையை அடியால் தாங்கி, பின்னங்கால் முதலில் இறக்குங்கள். தலை முதலில் போனால் நாலு காலையும் விரித்துத் தடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் பூனைக்கும் நாய்க்கும் ஒரு முறை, முயலுக்கு வேறு முறை. பூனைக்கும் நாய்க்கும் வெளிக்கிட மூன்று நாலு மணித்தியாலத்துக்கு முன் இலேசான சாப்பாடு போதும். தண்ணீரை நிறுத்த வேண்டாம். முயலையும் கினிப் பன்றியையும் ஒருபோதும் பட்டினி போடக்கூடாது. முயலுக்குச் சத்தி எடுக்கவே முடியாது. அதன் குடல் இடைவிடாமல் இயங்க வேண்டும். சில மணித்தியாலம் சாப்பிடாமல் பயந்துபோய் இருந்தாலே குடல் நின்றுபோய் உயிருக்கு ஆபத்தாகலாம். கூட்டின் பாதியை உலர்புல்லால் நிரப்பிவிட்டுப் போங்கள். கட்டுச்சோற்றுப் பக்கம் எந்தச் செல்லத்தையும் விடாதீர்கள். சம்பலிலும் வடையிலும் மட்டன் ரோல்ஸிலும் உள்ள வெங்காயம் பூனை, நாயின் சிவப்பு இரத்த அணுக்களை அழிக்கும். கேசரியிலும் பாயாசத்திலும் கிடக்கும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சைலிட்டோல் சேர்ந்த சூயிங்கம் நாய்க்கு நஞ்சு.

காரில் ஏறினாலே சத்தி எடுக்கிற, எச்சில் வடிக்கிற, கத்திக்கொண்டே வருகிற செல்லமென்றால் பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் மிருக வைத்தியரிடம் பேசுங்கள். சத்தியைத் தடுக்க மாரோபிட்டன்ட் இருக்கிறது, பதற்றத்தைத் தணிக்கக் கபாபென்டின் இருக்கிறது. எடை பார்த்து அளவு சொல்ல வைத்தியரால்தான் முடியும். வீட்டு அலுமாரியிலுள்ள மனித மருந்து எதையும் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். தலையிடிக்கு நாம் போடும் டைலனோல் ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

வழியில் நிற்கும் இடங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிற்பது எல்லாருக்கும் நல்லது. மலோரிரவுனிலும் ட்ரென்ரனிலும் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் ஒன்ரூட் ஓய்வு நிலையங்கள் உண்டு. பாதி வழியில் கிங்ஸ்ரன். கார் நின்றதும் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும், பிள்ளைகள் கழிவறைக்கு ஓடும். பூனை தப்பி ஓடுவது அந்த அரை நிமிடத்தில்தான். பாரவண்டிகளின் இரைச்சலுக்குள் மிரண்டு புதருக்குள் ஓடிய பூனை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது. கூட்டின் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்க் கதவு திறக்க வேண்டும். நாய்க்கு, கார் நிற்கும் முன்பே கழுத்தில் கயிறு மாட்டியிருக்க வேண்டும். கிங்ஸ்ரனையும் ஆயிரம் தீவுகளையும் சுற்றிய புல்வெளிகளில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணிகள் உண்டு. நடந்து வந்த நாயின் காதுமடலையும் கால்விரல் இடுக்கையும் தடவிப் பாருங்கள்.

"அஞ்சு நிமிஷத்தில வந்திடுவம்" என்று யாரும் செல்லத்தைக் காரில் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் நிறுத்திய காருக்குள் வெப்பத்தை அளந்தார்கள். வெளியே 22 பாகையாக இருந்த நாளிலும் 36 பாகையாக இருந்த நாளிலும், ஒரு மணித்தியாலத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 பாகை ஏறியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணித்தியாலத்திலேயே நடந்துவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டதால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. நாய்க்கும் பூனைக்கும் நம்மைப்போல் உடம்பெங்கும் வியர்க்காது. மூக்குச் சப்பையான பக், ஷீட்ஸு, பிரெஞ்ச் புல்டோக் இனங்களுக்கு மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்றுவதும் கடினம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. ஒன்ராறியோவில் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விலங்கு நலச் சட்டம், காருக்குள் ஆபத்தில் இருக்கும் விலங்கை மீட்க அதன் பரிசோதகர்களும் பொலிசாரும் வண்டிக்குள் நுழைய இடம் தருகிறது. ஒருவர் சாப்பிட, ஒருவர் காரோடு நில்லுங்கள். பிறகு முறை மாறுங்கள்.

மாரியில் பயம் வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம் என்பது எல்லாருக்கும் தெரியும். 401இல் பனிப்புயலால் பாதை மூடப்பட்டு, கார்கள் மணிக்கணக்கில் நிற்பதும் தெரியும். அப்போது எரிபொருள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். செல்லத்துக்கு ஒரு கம்பளியும் ஒரு நாள் சாப்பாடும் உறையாத தண்ணீரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கார் நிறுத்துமிடத்தில் சிந்தியிருக்கும் உறைதடுப்புத் திரவம் இனிக்கும். சில தடவை நக்கினாலே போதும் ஒரு பூனை சாக. பாதை உப்பு ஒட்டிய நாயின் பாதத்தை அது நக்குமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

பட்ஜிக்கும் கிளிக்கும் காற்றே பெரிய விஷயம். கார் வாசனைத் திரவம், சென்ற், சிகரெட் மூன்றும் காருக்குள் வேண்டாம். ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காயோ அப்பிளோ செருகிவிட்டால் தாகம் தீரும், கூடும் நனையாது.

போய்ச் சேர்ந்த வீடும் பயணத்தின் ஒரு பகுதிதான். கலியாண வீட்டின் வாசற்கதவு சாத்தப்படுவதே இல்லை. போனதும் கழிவறையோடு சேர்ந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கி, மணல்தட்டும் தண்ணீரும் கூடும் அங்கே வைத்து, 'திறக்க வேண்டாம்' என்று எழுதிய ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிடுங்கள். பூச்செண்டில் லில்லி இருந்தால் அந்த அறைக்குள் வரவே கூடாது. அதன் இதழோ மகரந்தமோ, செண்டு நின்ற தண்ணீரோகூடப் பூனையின் சிறுநீரகத்தை நிறுத்திவிடும். கற்பூரம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகையும், அளவுக்கு மீறிச் சூடான ஒட்டாத தோசைக்கல்லின் ஆவியும் பறவைக்கு ஆகா.

மொன்றியல் நகரசபை விதிப்படி பூனைக்கும் நாய்க்கும் உரிமப் பத்திரமும் மைக்ரோசிப்பும் வேண்டும். சிப் இருந்தால் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம் எனப் பலர் நினைக்கிறார்கள். அது இடத்தைக் காட்டாது. தோலுக்குக் கீழே அரிசிமணி அளவில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணோடு பதிந்த தொலைபேசி இலக்கம் பழையதென்றால் சிப்பால் பயனில்லை. வெளிக்கிடுமுன் பதிவைத் திருத்துங்கள். நியூஜெர்சிச் சொந்தங்களிடம் லகோல் எல்லையால் போகிறவர்களுக்கு இன்னொன்று: 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், சிப் வேண்டும், இணையத்தில் நிரப்பிய படிவத்தின் பற்றுச்சீட்டும் வேண்டும். திரும்பி வரும்போது கனடா எல்லையில் காட்ட, மூன்று மாதம் தாண்டிய பூனைக்கும் நாய்க்கும் விசர்நாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்ய நேரமில்லை என்றால், கூட்டிக்கொண்டு போகாமல் விடுவதும் நல்ல முடிவே. இரண்டு இரவுப் பயணத்துக்கு, வயது வந்த ஆரோக்கியமான பூனைக்குத் தன் வீடே சுகம். தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. கிண்ணம் நிறையக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவது பராமரிப்பு ஆகாது. அயலில் இருக்கும் ஒரு வீட்டோடு மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும் ஒழுங்கு செய்தால் இரண்டு வீட்டுக்கும் உதவும்.

இந்த மடலைப் படிக்கும் வீடுகளில் பல யாழ்ப்பாணத்து வீடுகள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரின் நடுவே, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். கையில் பிள்ளை, சைக்கிளில் அம்மம்மா, தலையில் மூட்டை. மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். பின்னால் வந்த நாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். கொண்டுபோக அவர்களுக்கு வழி இருக்கவில்லை. அந்த நாயின் பெயரை முப்பது ஆண்டு கழிந்தும் மறக்காதவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்.

மொன்றியலிலோ ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1ஆம் திகதி, வீடு மாறும் நாளில், போரும் ஷெல்லும் இல்லாமலே விலங்குகள் கைவிடப்படுகின்றன. 1869இல் தொடங்கிய மொன்றியல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் கூடுகள் அந்தக் கிழமைகளில் நிரம்பிவிடும். விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள், பொருட்களல்ல என்று கியூபெக் தன் குடியியல் சட்டத்தில் எழுதியது 2015 டிசம்பரில். நாவற்குழிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அதை ஒரு சட்டம் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் காரும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

அடுத்த பயணத்துக்கு எத்தனை கிழமை இருந்தாலும் சரி, இன்றிரவே நிலக்கீழ் அறைக்குப் போய் அந்தக் கூட்டை எடுத்து வாருங்கள். கழுவித் துடைத்து, பழைய ரீசேர்ட் ஒன்றை உள்ளே விரித்து, கதவைத் திறந்து வையுங்கள்.